குதிரை வந்தா எந்தப் பக்கம் ஒதுங்கணும்? கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க் டிரெயில் கேள்வி-பதில்

மழை நின்னு மலையெல்லாம் பச்சையானதும் வழக்கம்போல கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. எல்லாமே பே ஏரியா (சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம்) சுத்துவட்டார ஸ்டேட் பார்க் பத்தினது தான், அதுல அஞ்சு மட்டும் எடுத்திருக்கேன்.

ஹென்றி கோ பார்க்ல நடக்குறப்ப எதிர்ல ரெண்டு குதிரை வந்துச்சு. மரியாதையா மேட்டுப் பக்கம் ஏறி, சத்தமே போடாம மரத்துக்குப் பின்னாடி நின்னோம். அப்பவும் குதிரைல இருந்த அம்மா முறைச்சிட்டுப் போனாங்க. ஏன்?

நீங்க மரியாதைன்னு நெனச்சு செஞ்ச மூணுமே குதிரைக்கு பயம் காட்டுற வேலைங்க. குதிரைய அடிச்சுத் திங்கிற மிருகம் மேட்டுல இருந்து தான் பாயும், அதுவும் மறைஞ்சு, சத்தமில்லாம. கோ பார்க்ல நெஜமாவே மலைச்சிங்கம் இருக்கு, அப்ப குதிரை என்ன நெனைக்கும்? நானும் வந்த புதுசுல இதே கூத்து அடிச்சேன், ஜாக்கெட் ஹூட்டைப் போட்டுக்கிட்டு மேல ஏறி நின்னா குதிரை நடுவழில அப்படியே நின்னுருச்சு, ரெண்டு காதும் என் பக்கம் விறைச்சுக்கிட்டு, மூக்கு விடைச்சு புஸ்ஸுபுஸ்ஸுங்குது. மேல இருந்தவங்க "ஏதாவது பேசுங்க ப்ளீஸ்"னாங்க. எனக்கு பதட்டத்துல "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல"ன்னு தமிழ் தான் வந்துச்சு. சத்தியமா சொல்றேன், மனுசக் குரல் கேட்டதும் காது ரெண்டும் தளர்ந்து அது பாட்டுக்கு நடந்து போயிருச்சு.

அதனால பள்ளத்துப் பக்கம், கண்ணுக்குத் தெரியுற மாதிரி நில்லுங்க, சாதாரணமா பேசுங்க. சைக்கிள்காரங்க நடக்குறவங்களுக்கும் குதிரைக்கும் வழி விடணும், நடக்குறவங்க குதிரைக்கு விடணும். பின்னாடி இருந்து வந்தீங்கன்னா தூரத்துலயே குரல் கொடுங்க, மணி அடிச்சுக்கிட்டு பக்கத்துல போய் நிக்காதீங்க.

மழை விட்டு வெயில் அடிக்குது, ஆனா கோ பார்க்ல சைக்கிள விட மாட்டேங்குறாங்க. காஞ்சு தானே கிடக்கு?

மேல காஞ்சிருக்கும், உள்ள களி. அங்க அரை இன்ச் மழைக்கு மேல பெஞ்சா 48 மணி நேரத்துக்கு சிங்கிள் டிராக்ல, அதாவது ஒத்தையடிப் பாதைல, சைக்கிளும் கிடையாது குதிரையும் கிடையாது. ஈரத்துல டயர் ஒரு கோடு போட்டா அடுத்த மழைத் தண்ணி அந்தக் கோட்டுலயே வாய்க்கா மாதிரி ஓடும், ஒரே சீசன்ல பாதை அரிச்சுப் போயிரும், குதிரைக் குளம்பு போட்ட குழி காஞ்சா கல்லு மாதிரி ஆகி நம்ம கணுக்கால் தான் பிசகும். மொத்தம் 87,000 ஏக்கர், இதையெல்லாம் யாரு போய் சரி பண்றது? அந்த ரெண்டு நாளும் அகலமான ஃபயர் ரோடுல (தீயணைப்பு வண்டி போற மண் ரோடு) ஓட்டுங்க. அதே பார்க்ல இருக்குற ஒரிஸ்டிம்பா வனப்பகுதிக்குள்ள மட்டும் மழை இருந்தாலும் இல்லாட்டியும் சைக்கிளுக்கு இடமில்ல.

மவுண்டன் பைக் பொறந்ததே மவுண்ட் டாம் (டமல்பாயிஸ் மலை) பக்கத்துல தான்னு சொல்றாங்க, அங்கயே சிங்கிள் டிராக்ல விடலன்னா எப்படி?

வயித்தெரிச்சல் புரியுது. 1976ல ஃபேர்ஃபேக்ஸ் பக்கம் 'ரீபேக்'னு ஒரு ரேஸ், பழைய ஷ்வின் கம்பெனி சைக்கிள்ல கிட்டத்தட்ட ரெண்டு மைல்ல 1,300 அடி கீழ இறங்குவாங்க. பின் வீல் பிரேக் சூடேறி உள்ள இருக்குற கிரீஸ் புகைஞ்சே போயிரும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிரீஸை மறுபடி அடைக்கணும், அதான் அந்தப் பேரு. ஆனா அதுவும் ஃபயர் ரோடு தான், சிங்கிள் டிராக் இல்ல! மவுண்ட் டாம்ல ஃபயர் ரோடு தாராளமா இருக்கு, ஸ்பீடு மணிக்கு 15 மைல் தான், வளைவுலயும் ஆளைத் தாண்டும்போதும் 5. குறுகலான பாதைல பெரும்பாலும் சைக்கிளுக்குத் தடை தான், டிப்ஸீ டிரெயில் மாதிரி படிக்கட்டு இருக்குற இடத்துல எப்படியும் ஓட்ட முடியாது. இ-பைக் கேட்டவங்களுக்கும் சேர்த்து சொல்லிடுறேன், அது பார்க்குக்கு பார்க் மாறும், வாசல் போர்டுல இருக்குறது தான் கணக்கு.

பாய்சன் ஓக்னு பயமுறுத்துறாங்க, அவ்வளவு மோசமா?

சேராங்கொட்டை தெரியுமா, ஊர்ல வண்ணார் துணிக்கு குறி போடுவாங்களே, பட்டா கொப்பளிக்குமே? அதோட சொந்தக்காரச் செடி தான் இது, நம்ம மாவும் முந்திரியும் கூட அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகிற ஆளுங்க கூடுதல் உஷாரா இருக்கணும். ஒரே காம்புல மூணு இலை, வெயில்ல பளபளன்னு இருக்கும், போகப்போக செவக்கும். குளிர்காலத்துல இலையே இருக்காது, வெறும் குச்சி, ஆனா குச்சிலயும் அந்த எண்ணெய் உண்டு, நிறைய பேர் அதுல தான் மாட்டுவாங்க. பட்டுச்சுன்னு தெரிஞ்சா சோப்பு போட்டு துணியால நல்லா தேச்சுக் கழுவுங்க, சும்மா தண்ணி ஊத்தினா எண்ணெய் போகாது. போட்டிருந்த துணி, ஷூ லேஸ், குதிரைச் சேணம் எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு வரும். அரிப்பு அன்னிக்கே வரணும்னு இல்ல, ரெண்டு நாள் கழிச்சும் வரும். மூஞ்சி, கண்ணுன்னா கைவைத்தியம் வேணாம், நேரா டாக்டர்.

நாயைக் கூட்டிட்டுப் போகலாமா?

ஸ்டேட் பார்க் டிரெயில்கள்ல பெரும்பாலும் முடியாது. கேம்ப் போடுற இடம், தார் ரோடு, அங்கெல்லாம் ஆறு அடிக்குள்ள கயிறு கட்டி வெச்சுக்கலாம். கூட நடத்தியே ஆகணும்னா பக்கத்துல கவுன்ட்டி பார்க் இருக்கான்னு பாருங்க, நாயை கார்ல பூட்டிட்டு மட்டும் போயிராதீங்க.