6581 சிப்பைத் தனியாக வாங்கலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் ஒரு பழைய இரும்புக் கடையில் கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் போட் (மின்சுற்றுப் பலகை) கிடக்கிறது. மூலை உடைந்து, மழையிலும் நனைந்திருக்கிறது. அதிலுள்ள 6581 சிப் கிடைத்தற்கரியது என்று சொல்லி, கழற்றித் தர 6,000 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகர், கிளிநொச்சி

பதில்: கழற்ற விடாதீர்கள். முழுப் போட்டையும் நிறுவை விலைக்குக் கேளுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் கால் அடியோடு முறிந்தால் காசு போச்சு.

6581 என்பது 28 கால் கொண்ட ஒலிச் சிப். உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது, அதனால்தான் இந்த மவுசு. படத்துக்கான 6569உம் மற்றச் சிப்புகளை ஒழுங்குபடுத்தும் 906114உம் அதே போட்டில் இருந்தால் அவற்றுக்கும் கிராக்கி உண்டு. எண் 74இல் தொடங்கும் சிப்புகள் இன்றும் புதிதாகக் கிடைக்கும், மினக்கெட வேண்டாம். எம்ரி (MT) 4264 என்று அச்சிட்ட நினைவகச் சிப்புகளைச் சும்மா தந்தாலும் எடுக்காதீர்கள், பழுதாவதற்குப் பேர்போனவை.

கால்களைப் பாருங்கள். கறுத்திருப்பது பரவாயில்லை, பச்சை பூத்து மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அசிற்றோன் தொட்ட பஞ்சால் மேற்புறத்தைத் தேய்க்கும்போது கறுப்புப் பூச்சே பஞ்சில் வந்தால், அது எண் மாற்றி எழுதிய போலி.

சிப் சொக்கற்றில் இருந்தால் இரு முனையையும் மாறி மாறிக் கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஈயம் பற்றியிருந்தால், போட் எப்படியும் குப்பைதானே, சிப்பைச் சுற்றி இரும்பறுக்கும் வாளால் போட்டை அறுத்தெடுங்கள் (முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் கண்ணாடி நார்). சிறு துண்டு இலகுவில் சூடேறும். ஒவ்வொரு காலுக்கும் புது ஈயம் வைத்து, 350 பாகையில் உருக்கி, ஈய உறிஞ்சியால் இழுங்கள். 14ஆம் கால் நிலத்தொடுப்பு. அகன்ற செம்புடன் சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்படுகிறவர்கள் முறிப்பது அந்தக் காலைத்தான். எல்லாக் கால்களும் தனித்தனியே ஆடிய பிறகே தூக்குங்கள்.

வேலை செய்யுமா என்பதை இயங்கும் இன்னொரு கொமடோரில் மாட்டித்தான் அறியலாம். 6581க்கு 12 வோல்ற். பின்னாளில் வந்த 8580க்கு 9 வோல்ற். அதை 12இல் மாட்டினால் எரிந்துவிடும். பழைய மின்வழங்கியையும் முதலில் மல்ரிமீற்றரில் அளவுங்கள்; 5 வோல்ற் முனை 5.2ஐத் தாண்டினால் மாட்டவே வேண்டாம், நல்ல சிப்பையும் தின்றுவிடும்.

கழற்றியதை ரெஜிபோமில் குத்தி வைக்காதீர்கள், நிலைமின் கொன்றுவிடும். அலுமினியத் தாளில் கால்களைச் சுற்றி வையுங்கள்.