கணக்குக் கேட்டவர்

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்று கனடாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாதாமாதம் பென்ஷன் வருகிறது, பொழுது போக ஐஸ் ஹாக்கி. பழைய டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியைப் பற்றித் தேடிப் படிக்கிறேன். முன்வரிசை ஆட்டக்காரர்களில் கோர்டி ஹோவ் பெரியவரா, டெட் லின்ட்சேயா? லின்ட்சே பெரிய முரடர் என்கிறார்களே? சங்கம் கிங்கம் என்று போகாமல் ஆட்டத்தை மட்டும் பார்த்திருந்தால், டெட்ராய்டிலேயே கௌரவமாக ஓய்வு பெற்றிருக்கலாமே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஹோவ்தான், அதில் விவாதமே இல்லை. லின்ட்சே முரடர் என்பதும் உண்மை. முகமெல்லாம் தையல் தழும்பு. அதை விடுங்கள்.

உங்கள் கடைசி வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. ஆட்டத்தைப் பார்க்காமலா இருந்தார்? 1956-57 பருவத்தில் 30 கோல், 55 அசிஸ்ட் (மற்றவர் கோல் போட உதவியது), மொத்தம் 85 புள்ளிகள். லீக்கில் அவரைவிட அதிகம் எடுத்தவர் ஹோவ் ஒருவர்தான். லின்ட்சேயின் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த பருவம் அது. அந்தக் கோடையிலேயே டெட்ராய்ட் மேலாளர் ஜாக் ஆடம்ஸ் அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார். லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த அணி.

அவர் செய்த குற்றம்தான் என்ன? அப்போது என்எச்எல் என்ற அந்த ஹாக்கி லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். ஒருமுறை கையெழுத்துப் போட்டால், அணியே பார்த்து விடுவிக்கும்வரை அந்த அணிக்குத்தான் ஆட வேண்டும். ஓய்வூதிய நிதிக்கென்று சம்பளத்தில் பணம் பிடித்தார்கள். அதன் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார், காட்டவில்லை. பரம எதிரியான மான்ட்ரியால் அணியின் டக் ஹார்வியோடு கைகோத்து, மற்ற அணி ஆட்டக்காரர்களிடம் ரகசியமாகப் பேசி, 1957 பிப்ரவரியில் ஆட்டக்காரர் சங்கத்தை அறிவித்தார்.

என் அப்பா கோவையில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். பிடிக்கிற பி.எஃப். பணத்தை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று கேட்டார், அவ்வளவுதான். சம்பளச் சீட்டுகளையெல்லாம் கம்பியில் குத்தி வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் பிடித்தத் தொகையின் கீழே சிவப்புப் பென்சிலில் கோடு. மில்காரர்கள் பதில் சொல்லவில்லை, தொடர்ந்து நைட் ஷிஃப்ட் போட்டார்கள். பகலில் அவர் தூங்கும்போது நாங்கள் வீட்டில் சத்தம் போடாமல் நடப்போம். "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாத்திருக்கலாமே" என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்கள் எழுதியிருப்பதும் அதைத்தான். மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவர் இப்படி எழுதலாமா? யாரோ வாயைத் திறந்து கேட்டதால் வருகிற பணமல்லவா அது? உங்கள்மேல் மரியாதை இருப்பதால்தான் கோபமும் வருகிறது.

சங்கம் நிலைக்கவில்லை. முதலில் விலகிக்கொண்டது அவருடைய பழைய டெட்ராய்ட் சகாக்கள்தான். 1958-ல் எல்லாம் முடிந்துபோனது. ஆனால் அந்தச் சண்டையில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 7,000 டாலர் என்று முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். நிலைத்து நின்ற சங்கம் 1967-ல் வந்தது. ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற விருதுக்கு, 2010 முதல் லின்ட்சே பெயர்தான்.

அப்புறம், டெட்ராய்டில் ஓய்வு பெறவில்லை என்பதும் தவறு. ஆட்டத்தை விட்டு நான்கு வருடம் கழித்து, 39 வயதில் 1964-ல் டெட்ராய்டுக்கே திரும்பி வந்தார். அந்தப் பருவத்தில் அணி லீக்கில் முதலிடம். அதோடுதான் விலகினார். 1966-ல் ஹாக்கி புகழ்க்கூடத்தில் சேர்த்தபோது விழாவுக்கு ஆண்கள் மட்டும் வரலாம் என்றார்கள். மனைவியும் பிள்ளைகளும் வரக்கூடாத விழாவுக்கு நானும் வரமாட்டேன் என்று சொல்லி, போகாமலே இருந்துவிட்டார். அடுத்த ஆண்டே அந்த விதியை மாற்றினார்கள்.

மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த 1957-ஆம் வருடத்தைத் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.