3 ஏ எடுத்த பிள்ளைக்கு ஏன் மருத்துவபீடம் கிடைக்கவில்லை?

இலங்கையின் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் ஏ எடுத்து, பத்திரிகையில் ‘3 ஏ சாதனை’ என்று படம் வந்த பிள்ளை எப்படி மருத்துவபீடத்துக்கு வெளியே நின்றது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தி போடுபவர் ஏ-யைப் பார்க்கிறார், அனுமதி கொடுப்பவர் இசட் புள்ளியைப் பார்க்கிறார். 75 எடுத்தாலும் ஏ, 98 எடுத்தாலும் ஏ.

இசட் புள்ளிக்கு, எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரிப்பார்கள். பௌதிகவியலில் 80 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 40, விலகல் 20 என்றால் 2.0 வரும், சராசரி 55 என்றால் அதே 80க்கு 1.25தான். மூன்று பாடங்களின் சராசரியே இறுதிக் கணக்கு. பொது ஆங்கிலத்துக்கு இதில் பங்கில்லை.

பிறகு கோட்டா: 40% அகில இலங்கைத் திறமை, 55% மாவட்டச் சனத்தொகைப்படி, 5% பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். ஆனையிறவுக்கு அங்கால் கிளிநொச்சியில் போதுமான புள்ளி இங்கால் யாழ்ப்பாணத்தில் போதாமல் போகலாம்.

வெட்டுப்புள்ளியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாதக்கணக்கில் கழித்தே வெளியிடும். அதற்குள் ஒரே பிள்ளையின் படம் பாடசாலை மதிலிலும் மூன்று ரியூட்டரி வாசலிலும் தொங்கிவிடும். நீங்கள் பெறுபேற்றுத் தாளில் மாவட்ட நிலையைப் பார்த்து, போன முறை உங்கள் மாவட்டத்தில் மருத்துவபீடத்துக்கு எடுபட்ட பிள்ளைகளின் தொகையோடு ஒப்பிடுங்கள்.