பாறை ஏற்றத்துக்கு நாயும் வரலாமா?

கேள்வி: இலையுதிர் காலத்தில், கையையும் ஊன்றி ஏற வேண்டிய பாறை மலைக்கு 20 கிலோ நாயைக் கூட்டிப்போகலாமா?

பதில்: ஏறுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், இறக்கம்தான் சிக்கல். தாவி ஏறிய அதே பாறையின் விளிம்பில் நின்று நாய் இறங்க மறுக்கும். இறங்கும்போது எடையின் பெரும்பகுதி முன்னங்கால்களுக்குப் போவதால் சறுக்கவும் செய்யும். எளிய பாதையில் இறங்கும்படி வழியைத் தேர்ந்தெடுங்கள்.

கழுத்துப்பட்டையில் தூக்கினால் மூச்சு முட்டும். முதுகில் கைப்பிடியும் வயிற்றடியில் அகலப் பட்டையும் உள்ள ஹார்னஸ் (நாயின் உடலில் மாட்டும் வார்க்கட்டு) வேண்டும். அதைப் பிடித்து 20 கிலோவைத் தூக்க முடிகிறதா என்று வீட்டுப் படிக்கட்டிலேயே பாருங்கள். முடியாவிட்டால் அந்த மலை வேண்டாம். நாயைப் பிடிக்கும் வாரை உங்கள் இடுப்பில் கட்டவே கூடாது. நாய் சறுக்கினால் நீங்களும் போவீர்கள்.

உதிர்ந்த இலை பாறைப் பிளவுகளை மூடியிருக்கும். கால் சிக்கினால், முன்னங்காலின் உள்பக்கம் உயரே இருக்கும் நகம்தான் முதலில் பிய்யும். நாய்க்கான காலுறை கூர்சரளைக்குச் சரி; வழுவழு பாறையில் கழற்றிவிடுங்கள், அதோடு பாதமும் நகமும் பிடிக்காது.

சும்மா இருக்கும் நாளிலேயே இந்த எடைக்கு 1 லிட்டர் தண்ணீர் தேவை. 2 லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். பகல் குறுகிய பருவம் என்பதால் திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே குறித்துவிடுங்கள்.