சின்ன காலிபர், நிறையக் கேள்விகள்: ரேஞ்சுக்கு ஒரு .22 வாங்குவது பற்றி

ரேஞ்சில் பொழுதுபோக்காகச் சுடுவதற்குச் சிறிய காலிபர் (சின்ன விட்டமுள்ள தோட்டா போடும்) கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதி "எந்த பிராண்டு?" என்பதுதான். அதற்கும் பதில் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி. உங்கள் ஊர்ச் சட்டம் எதை அனுமதிக்கிறது, உரிமம் எப்படி என்பதை விசாரித்து முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

கேள்வி: சார், இதுவரை துப்பாக்கியைக் கையில் எடுத்ததே இல்லை. வாங்குவதுதான் வாங்குகிறோம், நேராக 9 மி.மீ. வாங்கிவிடலாமா? .22 எல்லாம் விளையாட்டுச் சாமான் என்கிறான் நண்பன்.

பதில்: ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டி அந்த விளையாட்டுச் சாமானை வைத்துத்தான் நடக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். .22 லாங் ரைஃபிள் என்ற இந்தத் தோட்டா 1887-இல் வந்தது. பழகுவதற்கு அதைவிட நல்ல தோட்டா இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. அதன் வழக்கமான குண்டு (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பாகம்) 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். 9 மி.மீ. குண்டு அதைப்போல மூன்று மடங்கு.

சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதை கையை வலிக்கச் செய்கிறது என்பதல்ல பிரச்சினை. சத்தமும் உதையும் வரப்போவது தெரிந்ததும், தோட்டா வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே உடம்பு அதற்குத் தயாராகிவிடும். கண் மூடும், மணிக்கட்டு கீழே அழுத்தும், குண்டு இலக்குக்குக் கீழே போகும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ள ஒரு மதியம் போதும், கழற்ற மாதக்கணக்காகும். உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், கூட வந்தவரை உங்கள் மேகஸினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) நல்ல தோட்டாக்களுக்கு நடுவே எங்கேயாவது ஒரு டம்மியை, அதாவது வெடிக்காத போலித் தோட்டாவைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெறும் 'டிக்' சத்தம் கேட்கும்போது துப்பாக்கி முனை தலை குனிந்தால் மாட்டிக்கொண்டீர்கள். .22-வில் ஒரே நாளில் 150 சுற்று சுட்டாலும் கையும் சோராது, பர்சும் சோராது. 9 மி.மீ. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: .25, .32 கூடச் சின்ன காலிபர்தானே? உள்ளங்கையில் அடங்கும் ஒன்றைப் பார்த்தேன், அழகாக இருந்தது.

பதில்: அழகுதான். ஆனால் அவை சட்டைப்பையில் இருப்பதற்காகப் பிறந்தவை. முன்குறி (பாரல் முனையில் குறி பார்க்க உள்ள மேடு) ஒரு பருக்கை அளவுதான் இருக்கும், பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், எடை குறைவு என்பதால் சின்னத் தோட்டா கூட வெடுக்கென்று உதைக்கும். தோட்டா விலையும் .22-ஐவிடப் பல மடங்கு. விதிவிலக்கு ஒன்று உண்டு. .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்ற தோட்டாவுக்கென்றே செய்த போட்டித் துப்பாக்கிகள் இருக்கின்றன, சென்டர் ஃபயர் (தோட்டாவின் நடுவில் அடித்து வெடிக்கும் வகை) போட்டிகளில் பார்க்கலாம். அவை நீங்கள் பார்த்த சாதியே அல்ல.

கேள்வி: பாரல் எவ்வளவு நீளம் இருக்கலாம்? நீளமானால் துல்லியம் கூடுமா?

பதில்: கூடும், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்தால் அல்ல. 25 மீட்டரில் குட்டை பாரலும் நன்றாகவே சுடும். வித்தியாசம் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே உள்ள தூரத்தில். அது 100 மி.மீ. இருக்கும் துப்பாக்கியில் முன்குறி 1 மி.மீ. விலகினால், 25 மீட்டரில் குண்டு 250 மி.மீ. விலகும். அதுவே 200 மி.மீ. இருந்தால் 125 மி.மீ.தான். ஆக, உங்கள் தவற்றை ஒரு துப்பாக்கி இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். சர்வதேச 25 மீட்டர் போட்டிகளில் இந்தத் தூரத்துக்கு 220 மி.மீ., பாரலுக்கு 153 மி.மீ. என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள்.

ஐந்து, ஐந்தரை அங்குல பாரலை நான் சிபாரிசு செய்வேன். அதற்கு மேல் போனால், கனமான பாரலாக இருக்கும்பட்சத்தில், முப்பதாவது சுற்றில் முனை தொங்க ஆரம்பிக்கும். கடையில் கையில் எடுத்தால் நீட்டிப் பிடித்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் பிராண்டு சொல்லுங்கள் அண்ணே.

பதில்: சரி. ரூகர் நிறுவனம் 1949-இல் தொடங்கியதே ஒரு .22 கைத்துப்பாக்கியோடுதான். அதன் வழிவந்தது 2016-இல் வெளியான மார்க் 4. முந்தைய மாடல்களைப் பிரித்துத் திரும்பச் சேர்ப்பது பேர்போன தலைவலி. மார்க் 4-இல் பின்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் முன்னால் மடங்கித் திறந்துவிடும். பழைய மார்க் 2, 3 குறைந்த விலைக்குக் கிடைத்து, உங்களுக்குப் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பிரௌனிங் பக் மார்க் 1985-இலிருந்து வருகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் 41 என்பது 1957 முதல் உள்ள இலக்குத் துப்பாக்கி, விலையும் அதற்கேற்ப. வால்தர் பி22 கைக்கு அடக்கமானது, டப்பாக்களைச் சுட்டு விளையாட நன்றாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன குறித் தூரக் கணக்கு அதற்கு எதிராகப் போகும்.

முதல் மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். சுடும்போது பாரல் அசையாது, பெரும்பாலான மாடல்களில் குறிகளைத் திருகித் திருத்தலாம். இந்த இரண்டும் இருந்தால் பிராண்டுக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. உங்கள் கைக்கு எது உட்காருகிறதோ அதை வாங்குங்கள். ரேஞ்சில் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் ஒவ்வொன்றிலும் 50 சுற்றாவது சுட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, கூடுதல் மேகஸின் இரண்டு கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ரிவால்வர் வேண்டாமா?

பதில்: எனக்குப் பிடிக்கும், முதல் துப்பாக்கியாக வேண்டாம். .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பைப் பலமாக அடித்தால்தான் வெடிக்கும், அதனால் டபுள் ஆக்‌ஷனில் (விசையை இழுப்பதே சுத்தியலையும் பின்னுக்கு இழுக்கும் முறை) விசை, அதாவது டிரிகர், ரொம்பக் கனமாக இருக்கும். சுத்தியலை ஒவ்வொரு முறையும் கட்டை விரலால் இழுத்துச் சுடத் தயார் என்றால் சுகமான விஷயம். எந்த வேகத் தோட்டாவானாலும் திக்காது.

கேள்வி: விசை எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லதா?

பதில்: இல்லை. 25 மீட்டர் போட்டி விதியே குறைந்தது 1000 கிராம் என்கிறது. 2 கிலோவானாலும் பரவாயில்லை, இழுக்கும்போது மணல் அரைபடுவதுபோல் இல்லாமல், காய்ந்த குச்சி ஒடிவதுபோல் சட்டென்று விடுபட வேண்டும். விசை விடுபட்ட பிறகு விரல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பத்துக்கு ஒன்று வெடிப்பதே இல்லை. துப்பாக்கி பழுதா, தோட்டா பழுதா?

பதில்: முதலில் பாதுகாப்பு. வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். முனையை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. அதேபோல் 'பொசுக்' என்று சத்தம் குறைவாகக் கேட்டால் சுடுவதை நிறுத்துங்கள். குண்டு பாரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, பாரலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் பாரல் வீங்கிவிடும். அதற்கு மேலும் ஆகலாம்.

இப்போது காரணம். இந்தத் தோட்டாவின் விளிம்பு ஒரு மடிப்பு. தயாரிக்கும்போது வெடிமருந்துக் கலவையைச் சுழற்றி அந்த மடிப்புக்குள் பரப்புகிறார்கள். எங்காவது ஓர் இடத்தில் கலவை போய்ச் சேராவிட்டால், அடி அங்கே விழும்போது வெடிக்காது. வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் தழும்பைப் பாருங்கள். தழும்பு ஆழமாக இருந்தால் தோட்டா மேல் சந்தேகம், லேசாக இருந்தால் துப்பாக்கி மேல். லேசான தழும்புக்குப் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். மெழுகும் கரியும், தோட்டாவை அடிக்கும் ஊசி ஓடும் பாதையில் அடைந்துவிடும், அல்லது தோட்டாவை முழுதாக உள்ளே போக விடாது. பத்துக்கு ஒன்று என்பது அதிகம். சுத்தம் செய்துவிட்டு வேறு பெட்டி மாற்றிப் பாருங்கள்.

தோட்டா விஷயத்தில் ஒவ்வொரு பாரலுக்கும் ஒரு நாக்கு. ஐந்து வகை வாங்கி, துப்பாக்கியை மணல் மூட்டை மேல் ஊன்றி வகைக்குப் பத்து சுட்டு, எது நெருக்கமாகக் குவிகிறது என்று பாருங்கள். விலை உயர்ந்ததுதான் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டாதீர்கள், நான் தோற்றிருக்கிறேன். இலக்குத் துப்பாக்கிகள் பெரும்பாலும் சாதாரண வேகத் தோட்டாவை விரும்பும். வேறு சில, அதிவேகம் இல்லாவிட்டால் ஸ்லைடு (துப்பாக்கியின் மேல்புறம் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பின்னால் முழுதாக வராமல் திக்கும். .22 மேக்னம் வேறு தோட்டா, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: அண்ணா, என் கை சின்னது. தோழியின் 9 மி.மீ. ஸ்லைடை என்னால் இழுக்கவே முடியவில்லை. .22 மட்டும் முடியுமா?

பதில்: முடியும் அம்மா. .22-வின் ஸ்பிரிங் பலம் மிகக் குறைவு. முழு ஸ்லைடு இல்லாமல் பின்னால் இரண்டு காது மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் மாடல்களில் இரண்டு விரலால் இழுத்துவிடலாம். ஸ்லைடை இழுப்பதற்குப் பதில், அதை இறுகப் பிடித்துக்கொண்டு துப்பாக்கி பிடித்த கையை முன்னால் தள்ளிப் பாருங்கள், தோழியின் 9 மி.மீ. கூட வழிக்கு வரலாம்.

பிடியின் அளவை விசையில் சோதியுங்கள். காலித் துப்பாக்கியைச் சரியாகப் பிடித்த பிறகு, ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை விசையில் நேராகப் படிய வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டி வந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு இல்லை, அல்லது மெலிந்த பிடித்தகடு மாட்ட வேண்டும்.

கேள்வி: இடது கைக்காரன் நான். என்ன செய்ய?

பதில்: பாதுகாப்புப் பூட்டும் மேகஸின் பொத்தானும் எந்தப் பக்கம் என்று பாருங்கள், இரண்டு பக்கமும் வைத்த மாடல்கள் உண்டு. உள்ளங்கை மேடை வைத்த போட்டிப் பிடிகளை இடது கைக்கென்றே கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கை என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஹங்கேரியின் கரோலி டகாச்சுக்கு 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலது கை போனது. இடது கையால் முதலிலிருந்து பழகி 1948-இலும் 1952-இலும் ஒலிம்பிக் துரித பிஸ்டலில் தங்கம் வாங்கினார்.

கேள்வி: வயது 58. முன்குறி மங்கலாகத் தெரிகிறது, இலக்கு பளிச்சென்று தெரிகிறது.

பதில்: நமக்கு வேண்டியது நேர் எதிர். முன்குறி பளிச், இலக்கு மங்கல். கண் மருத்துவரிடம் நீட்டிய கையின் நுனித் தூரத்தைச் சொல்லி அதற்கு ஒரு கண்ணாடி கேளுங்கள். இல்லையென்றால் ரெட் டாட் (குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி) மாட்டுங்கள். மேலே அதற்கு இடம் உள்ள மாடலா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். 3 எம்.ஓ.ஏ. (ஒரு கோண அளவு) புள்ளி 25 மீட்டரில் சுமார் 22 மி.மீ. மறைக்கும், போதுமான அளவு. புள்ளி வட்டமாக இல்லாமல் வால்நட்சத்திரம் மாதிரி தெரிந்தால் குறை கருவியில் இல்லாமல் இருக்கலாம், உங்கள் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை) இருக்கிறதா என்று சோதியுங்கள். ரெட் டாட்டில் புள்ளி நடுங்குவது தெரிந்து பலர் பயப்படுகிறார்கள். கை முன்பும் அப்படித்தான் நடுங்கியது, இப்போது தெரிகிறது.

கேள்வி: வீட்டில் தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகலாமா?

பதில்: பழகுங்கள், பாதித் தேர்ச்சி அதில்தான் வரும். ஆனால் கையேட்டைப் படித்துவிட்டு. சில .22-களில் தோட்டா இல்லாவிட்டால் ஊசி போய்த் தோட்டா உட்காரும் குழியின் விளிம்பை இடித்து வடு போடும். டம்மி போட்டுக்கொள்ளுங்கள். உண்மைத் தோட்டா நீங்கள் பழகும் அறையிலேயே இருக்கக் கூடாது, வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: பழையது வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மேலே சொன்ன வடுவைத்தான் முதலில். அப்புறம் பாரலுக்குள் வெளிச்சம் விட்டு இருண்ட வளையம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் எப்போதோ குண்டு சிக்கி வீங்கியது. பாரலின் முனை விளிம்பில் கீறல் கூடாது. மேகஸின் உதடுகள் வளைந்திருந்தால் திக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் மேகஸினை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: .22 சத்தம் சின்னதுதானே, காது மூடி அவசியமா?

பதில்: அவசியம். கைத்துப்பாக்கியில் .22 கூட 140 டெசிபெலைத் தாண்டும், காதுக்கு அது சேதம்தான். கண்ணுக்கும் கண்ணாடி போடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். குண்டில் மட்டுமல்ல, அந்த விளிம்புக் கலவையிலும் பெரும்பாலும் ஈயம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பக்கம் உரிமம் கிடைக்க வருடக்கணக்காகும் போலிருக்கிறது. அதுவரை?

பதில்: 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், உங்கள் சட்டம் விட்டால். 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மி.மீ. குண்டு பாரலைவிட்டு வெளியேற நேரம் எடுக்கும் என்பதால், விசை இழுத்த பிறகு கை அசைந்தாலும் அது தாளில் தெரியும். அதில் ஒரு வருடம் பழகியவர் .22-க்கு வந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வி: துப்பாக்கி வாங்கிவிட்டேன்! நாளை முதல் நாள். எந்தத் தூரத்தில், எந்த இலக்கில்?

பதில்: 10 மீட்டர். இலக்குத் தாளைத் திருப்பி மாட்டுங்கள், வெறும் வெள்ளைப் பக்கம் உங்களைப் பார்க்கட்டும். புள்ளி எதுவும் இல்லாததால் கண் முன்குறியிலேயே நிற்கும். மேகஸினில் ஐந்து மட்டும் போடுங்கள். ஐந்து ஓட்டையும் ஓர் உள்ளங்கைக்குள் விழுகிற வரை குறியைத் திருக ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள்.