விலகக் கேட்பது குற்றமா?

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில், ஒப்பந்தம் முடியப் பல ஆண்டுகள் இருக்கும்போதே நட்சத்திர வீரர்கள் தங்களை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்கிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிக் கேட்பது அணியையும் ரசிகர்களையும் ஏமாற்றுவது ஆகாதா?
— வாசகர், நெய்வேலி

பதில்: 2019 பிப்ரவரி 6 அன்று இரவு, டல்லாஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்த ஹாரிசன் பார்ன்ஸ், ஆட்டம் முடிவதற்குள்ளேயே தாம் சாக்ரமெண்டோ அணிக்கு மாற்றப்பட்ட செய்தியை அறிந்தார். அதன் பிறகு அவர் களத்தில் இறங்கவில்லை. ஆனாலும் எழுந்து போய்விடாமல், இனித் தம்முடையதல்லாத அணியின் பெஞ்சிலேயே அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டல்லாஸ் நிர்வாகம் ஏமாற்றிவிட்டது என்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. வீரரை வேறு அணிக்கு மாற்றும் 'டிரேட்' என்பது அணியின் உரிமை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அதையே வீரர் கேட்கும்போதுதான் நமக்கு விசுவாசம் நினைவுக்கு வருகிறது.

டொராண்டோவில் ஒன்பது பருவங்கள் ஆடி, அங்கேயே தொடர விரும்பிய டிமார் டிரோசனை 2018 கோடையில் அந்த அணி சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டுக் கவாய் லெனர்டை வாங்கியது; மறு ஆண்டே கோப்பையை வென்றது. நிலைத்தன்மை வேண்டும் என்று அணிகள் சொல்வதெல்லாம் அதைவிட நல்லது கைக்கு எட்டும் வரைதான். இன்னும் பின்னோக்கிப் போனால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரர் அணியை விட்டு விலக முடியாத நிலை இருந்தது. வீரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-ல் தொடுத்த வழக்கு 1976-ல் சமரசமாக முடிந்த பிறகே அந்தக் கட்டு தளரத் தொடங்கியது.

ஆகவே, விலகக் கேட்பதை நான் குற்றமாகக் கருதவில்லை. கேட்கும் விதத்தில்தான் எனக்கு வருத்தம் உண்டு. பதினொரு பருவங்கள் போர்ட்லாந்துக்கு ஆடிய டேமியன் லில்லர்ட், ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்த நிலையில், 2023 ஜூலை 1 அன்று விலகக் கேட்டார். போவதானால் மயாமிக்குத்தான் என்பது அவர் தரப்பின் நிலை. வாங்குபவர் ஒருவர்தான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால் விற்பவருக்கு என்ன விலை கிடைக்கும்? இத்தகைய பேச்சு தொடர்ந்தால் நடவடிக்கை வரும் என்று என்.பி.ஏ. நிர்வாகமே எச்சரித்தது. போர்ட்லாந்து அவசரப்படாமல் காத்திருந்து, செப்டம்பர் 27 அன்று அவரை மில்வாக்கிக்கு அனுப்பியது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது ஜூரு ஹாலிடேயின் நிலைதான். மில்வாக்கிக்கு 2021-ல் கோப்பை வென்று தந்தவர்களில் ஒருவரான அவர், இந்தப் பேரத்தில் போர்ட்லாந்துக்குப் போய், நான்கே நாளில் பாஸ்டனுக்கு மாற்றப்பட்டார். அவர் எதையும் கேட்கவில்லை. ஒரு நட்சத்திரத்தின் விருப்பத்துக்கு இன்னொருவர் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. (2024-ல் பாஸ்டன் கோப்பையை வென்றதால் அவருக்கு அது நன்மையாக முடிந்தது என்பது வேறு விஷயம்.)

கேள்வி: அப்படியானால், தம் சம்மதமின்றி மாற்றக் கூடாது என்ற உரிமையை எல்லா வீரர்களுக்கும் கொடுத்துவிடலாமே?
— அதே வாசகர்

பதில்: அந்த நிபந்தனை இப்போதும் உண்டு, ஆனால், பொதுவாக என்.பி.ஏ.யில் எட்டு ஆண்டுகளும், அவற்றில் அதே அணியில் நான்கு ஆண்டுகளும் ஆடியவர் மட்டுமே அதைப் பேசிப் பெற முடியும். எல்லோருக்கும் கொடுத்தால், ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள இந்த லீக்கில் ஒரு தவறான ஒப்பந்தத்தைத் திருத்திக்கொள்ள அணிக்கு வழியே இருக்காது. 2022-ல் வாஷிங்டனிடம் இந்த உரிமையைப் பெற்ற பிராட்லி பீல், மறு ஆண்டு ஃபீனிக்ஸுக்குப் போனபோது அதையும் கூடவே கொண்டுபோனார்; அவரை வேறெங்கும் அனுப்ப முடியாத ஃபீனிக்ஸ், 2025 ஜூலையில் பணம் கொடுத்தே அவரை விடுவித்தது.

அதே மாதம், குதிகால் தசைநார் அறுந்து மில்வாக்கியால் விடுவிக்கப்பட்டிருந்த லில்லர்ட், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் போர்ட்லாந்துக்கே திரும்பினார். தம் சம்மதமின்றி வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனை இம்முறை அவருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது.