பொருளாதார மந்தத்தில் கேசினோ பங்கு வாங்கலாமா? – கேள்வி பதில்

சார், "நாடு நொடிச்சாலும் சூதாட்டம் நொடிக்காது" என்கிறார்கள். மந்தம் வரும்போது கேசினோ பங்கு பாதுகாப்பானதா? – மதுரை வாசகர்

2007 வரை அப்படிச் சொல்ல ஓரளவு ஆதாரம் இருந்தது. 1990-91 அமெரிக்க மந்தத்தில்கூட நெவாடா மாநிலக் கேசினோ வருமானம் வளர்ந்தது. ஆனால் 1989 நவம்பரில் மிராஜ், 1990-ல் எக்ஸ்காலிபர் என்று பிரம்மாண்ட விடுதிகள் அடுத்தடுத்துத் திறந்து கூட்டத்தை இழுத்த நேரம் அது. வளர்ச்சி புதுக் கடையால் வந்தது. சூதாடுபவர் மந்தத்துக்கு அசைய மாட்டார் என்பதால் வந்ததல்ல.

2008 அந்த நம்பிக்கையை உடைத்தது. நெவாடாவின் லாஸ் வேகஸ் நகரில் பெரிய கேசினோ விடுதிகள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் பகுதியின் சூதாட்ட வருமானம் 2007-ல் சுமார் 683 கோடி டாலர். 2009-ல் 555 கோடி. வந்தவர்களின் எண்ணிக்கை 3.92 கோடியிலிருந்து 3.63 கோடியாக, ஏழு சதவீதம்தான் குறைந்தது. அறை வாடகையோ சராசரி 132 டாலரிலிருந்து 93 டாலராகச் சரிந்தது. ஆள் வந்தார்கள், பணம் வரவில்லை. ஸ்ட்ரிப் விடுதிகளின் மொத்த வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டித்தான் இருக்கும். மீதி அறை, சாப்பாடு, கலை நிகழ்ச்சி, கம்பெனி மாநாடு. மந்தத்தில் கம்பெனிகள் முதலில் ரத்து செய்வது மாநாட்டைத்தான்.

சிகரெட்டைத் தெருமுனைக் கடையில் வாங்கலாம். வேகஸுக்கு விமானம் ஏற வேண்டும். இரண்டையும் "பாவப் பங்குகள்" (கெட்ட பழக்கத்தில் சம்பாதிக்கும் கம்பெனிகளின் பங்குகள்) என்று ஒரே பையில் போடுவதுதான் குழப்பத்தின் வேர்.

வருமானம் 19 சதவீதம்தானே குறைந்தது? லாஸ் வேகஸ் சாண்ட்ஸ் பங்கு 2007 அக்டோபரில் 140 டாலருக்கு மேல் இருந்து 2009 மார்ச்சில் ஒன்றரை டாலருக்குக் கீழே போனது எப்படி? – சென்னை வாசகர்

ஒரு கற்பனைக் கேசினோவை வைத்துக் கணக்குப் போடுவோம். வருமானம் 100. வருமானத்தோடு ஏறி இறங்கும் செலவு (வரி, இலவசச் சலுகைகள், சாப்பாட்டுச் சரக்கு) 40. எது நடந்தாலும் போகும் செலவு (சம்பளம், மின்சாரம், காவல், பராமரிப்பு) 35. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம், அதாவது எபிட்டா, 25. சந்தை இதற்கு 8 மடங்கு விலை தருகிறது: நிறுவன மதிப்பு 200. கடன் 120. பங்குதாரருக்கு மிஞ்சுவது 80.

வருமானம் 15 குறையட்டும். ஏறி இறங்கும் செலவு 34 ஆகும், நிலையான 35 அப்படியே நிற்கும். 85-லிருந்து இரண்டையும் கழித்தால் எபிட்டா 16. அதே 8 மடங்கில் மதிப்பு 128. கடனின் 120 போக மிச்சம் 8. 15 சதவீத வருமானச் சரிவு, 90 சதவீத பங்குச் சரிவு. பயத்தில் சந்தை 7 மடங்குதான் தரும் என்றால் மதிப்பு 112; கடனைவிடக் குறைவு.

அடுத்த சிக்கல், கடன் விகிதம் (கடன், எபிட்டாவைப் போல எத்தனை மடங்கு) 4.8 மடங்கிலிருந்து 7.5 ஆகிவிட்டது. கடன் ஒப்பந்தத்தில் "6 மடங்கைத் தாண்டக் கூடாது" என்று ஒரு வரி இருந்தால், வட்டி ஒழுங்காகக் கட்டினாலும் வங்கி கழுத்தைப் பிடிக்கலாம். சாண்ட்ஸுக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுதான். மக்காவ், சிங்கப்பூர், பென்சில்வேனியா என்று ஒரே சமயத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2008 நவம்பரில் தொடர்ந்து இயங்க முடியுமா என்ற எச்சரிக்கை வந்தது. மக்காவ் கட்டுமானத்தில் ஒரு பகுதியை நிறுத்தி, 210 கோடி டாலர் திரட்டினார்கள். அதில் 52.5 கோடி, நிறுவனர் ஷெல்டன் ஏடெல்சன் குடும்பம் போட்டது. பொதுமக்களுக்குப் புதிய பங்கு 5.50 டாலர் விலையில் போனது.

கம்பெனி பிழைத்தது. பழைய பங்குதாரரின் பங்கு கரைந்துபோனது. 2007 உச்சத்தை அந்தப் பங்கு பிறகு எட்டவே இல்லை. எம்ஜிஎம் என்ற இன்னொரு கேசினோ கம்பெனியின் கதையும் அப்படியே: சுமார் 100 டாலர் உச்சம், 2 டாலருக்குக் கீழே தரை, 2009 மே மாதத்தில் 7 டாலருக்குப் புதுப் பங்கு. துபாய் அரசு நிறுவனமான துபாய் வேர்ல்டோடு கூட்டாகக் கட்டிய சிட்டிசென்டர் என்ற 850 கோடி டாலர் திட்டம் அதன் முதுகில் இருந்தது. ட்ரெஷர் ஐலண்ட் விடுதியை 77.5 கோடிக்கு விற்றுத்தான் மூச்சு விட்டது.

அப்படியானால் வாங்குவதற்கு முன் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? – கோவை வாசகர்

முதலில் கடன் முதிர்வு அட்டவணை. அமெரிக்கக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் நீண்டகாலக் கடன் பற்றிய குறிப்பில், அடுத்த ஐந்து ஆண்டுகளில் எந்த ஆண்டு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஒரு சிறு பட்டியல் இருக்கும். முதல் இரண்டு ஆண்டுத் தொகையைக் கையிருப்பு ரொக்கத்தோடும், வங்கியிடம் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கும் கடன் வரம்போடும் ஒப்பிடுங்கள். ஈடு கட்டவில்லை என்றால் மந்த காலத்தில் அந்தப் பங்கைத் தொடாதீர்கள், விலை எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும்.

அடுத்தது வாடகை. இன்று பல கேசினோக்கள் கட்டடத்தை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்கின்றன. கம்பெனி சொல்லும் "கடன் விகிதம் 3 மடங்கு" வாடகையைச் சேர்க்காமல் சொல்லப்பட்டிருக்கலாம். ஆண்டு வாடகையை 8-ஆல் பெருக்கிக் கடனோடு கூட்டுங்கள். எபிட்டாவில் வாடகை கழிக்கப்பட்டிருந்தால் அதைத் திரும்பச் சேர்த்து வகுங்கள். 3 மடங்கு என்றது 5, 6 ஆகும்போது முகம் தெரியும். வாடகை கடனைவிடக் கறாரானது. மந்தம் என்று குறையாது, பெரும்பாலும் ஆண்டுதோறும் ஏறும்.

மூன்றாவது, பாதியில் நிற்கும் கட்டுமானம். 2008-ல் பாய்ட் கேமிங் வேகஸில் கட்டிக்கொண்டிருந்த எஷலான் திட்டத்தை ஆகஸ்டிலேயே நிறுத்தியது, கேலிக்கு ஆளானது, பிழைத்தது. அங்கேயே ஃபோன்டென்ப்ளூ என்ற விடுதி நிறுத்தாமல் கட்டி 2009 ஜூனில் திவாலானது. அந்தக் கோபுரம் 2023 டிசம்பரில்தான் திறந்தது.

காலாண்டு லாபத்தைப் படிக்கும்போது ஒரு பொறி: "ஹோல்டு". மேசையில் வைத்த பணத்தில் கேசினோ ஜெயித்த சதவீதம் அது. பக்காரா என்ற சீட்டாட்டத்தில் பெரிய கைகள் அதிர்ஷ்டவசமாக ஜெயித்தால் ஒரு மாத வருமானம் படுக்கும், தோற்றால் பறக்கும். ஆகவே ஜெயித்த தொகையைவிட, ஆட வந்த தொகையைப் பாருங்கள். ஸ்லாட் இயந்திரங்களில் போட்ட மொத்தப் பணம் நல்ல அளவுகோல், அது அவ்வளவு ஆடாது. நெவாடா கேமிங் கண்ட்ரோல் போர்டு இந்தக் கணக்கை மாதந்தோறும் இலவசமாக வெளியிடுகிறது. மக்காவ் அரசு மாத வருமானத்தை அடுத்த மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும்.

பி.இ. விகிதத்தை (பங்கு விலை ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு) வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். மந்தம் தொடங்கும்போது அது மலிவாகவும், முடியும்போது கொள்ளை விலையாகவும் தெரியும். தொழிலில் லாபம் ஆடும் ஆட்டம் அப்படி.

வேகஸ் வேண்டாம், உள்ளூர் மக்கள் போகும் சிறு கேசினோக்கள்? பெட்ரோல் செலவோடு முடிந்துவிடுமே. – திருச்சி வாசகர்

பாதி சரி. மாநிலத்துக்குள்ளேயே காரில் வந்துபோகும் கூட்டம் மந்தத்தில் மெதுவாகத்தான் குறையும். ஆனால் அந்த ஊர் எதை நம்பி வாழ்கிறது என்று பாருங்கள். வேகஸ் உள்ளூர்வாசிகளை நம்பிய ஸ்டேஷன் கேசினோஸ் 2009 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. அந்த ஊர்க்காரர்களில் பெரும்பங்கு கட்டட வேலையிலும் வீட்டு விற்பனையிலும் இருந்தவர்கள். 2007-ல் கடன் வாங்கிக் கம்பெனியைப் பங்குச் சந்தையிலிருந்து எடுத்துத் தனியார் ஆக்கியது வேறு.

பலர் கவனிக்காத ஒன்று, வரி விகிதம். நெவாடாவில் சூதாட்ட வருமானத்துக்கு மாநில வரி அதிகபட்சம் 6.75 சதவீதம். பென்சில்வேனியாவில் ஸ்லாட் இயந்திரங்களுக்குப் பாதிக்கு மேல். நல்ல காலத்தில் நெவாடா லாபகரம். கெட்ட காலத்தில் பென்சில்வேனியாவில் 100 டாலர் குறைந்தால் அதில் பாதிக்கு மேல் அரசின் தலையில் விழும். நெவாடாவில் கிட்டத்தட்ட முழுக்கக் கம்பெனியின் தலையில். மந்தத்துக்கு அதிக வரி மாநிலம் ஒரு மெத்தை.

அந்தச் சமயத்தில் ஜாதகம் நன்றாக இருந்தது பென் நேஷனல் என்ற கேசினோ கம்பெனிக்கு. தன்னை வாங்க வந்த முதலீட்டு நிறுவனங்கள் 2008 ஜூலையில் பின்வாங்கியபோது, ஒப்பந்த முறிவுக் கட்டணமும் முதலீடுமாக 147.5 கோடி டாலர் அதன் கைக்கு வந்தது. ஊரே ரொக்கத்துக்கு அலைந்தபோது இவர்களிடம் ரொக்கம்.

கட்டடச் சொந்தக்காரர்களான ரீட் பங்குகள் பாதுகாப்பா? – பெங்களூரு வாசகர்

கேசினோவைவிட, ஆமாம். 2020-ல் நெவாடா கேசினோக்கள் மார்ச் நடுவிலிருந்து ஜூன் 4 வரை மூடிக் கிடந்தபோதும் விசி ப்ராப்பர்ட்டீஸ் என்ற ரீட் வாடகையை முழுதாக வசூலித்தது. வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் வாடகைக்காரர் பொறுப்பு. ஆனாலும் அந்த மார்ச்சில் பங்கு விலை பாதிக்கும் கீழே போனது, ஏனென்றால் அப்போது பெரும்பகுதி வாடகை சீசர்ஸ் என்ற ஒரே கேசினோ கம்பெனியிடமிருந்து வந்தது. இன்றும் அது சீசர்ஸ், எம்ஜிஎம் என்ற இரண்டே பேரிடமிருந்துதான். வட்டி விகிதம் ஏறினாலும் அடி வாங்கும். வேகமான லாபத்தை எதிர்பார்க்காதீர்கள், டிவிடெண்டுக்காக வாங்குவது.

ஐயா, கெந்திங் பங்குகள் எப்படி? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறதே. – ஈப்போ வாசகர்

பெயர் ஒன்று, வயிறு வேறு. கெந்திங் சிங்கப்பூர் கையில் கடனைவிட ரொக்கம் அதிகம் வைத்துப் பழகிய கம்பெனி. அந்த நாட்டில் கேசினோ நடத்துபவர்கள் இரண்டே பேர். செந்தோசா விரிவாக்கத்துக்கு 680 கோடி சிங்கப்பூர் டாலர் செலவழிக்கிறார்கள். அந்த ரொக்கம் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று காலாண்டுதோறும் பாருங்கள். கெந்திங் மலேசியாவுக்கு மலையுச்சி ஏகபோகம் உண்டு, கூடவே அமெரிக்கா, பிரிட்டன் முதலீடுகளும் கடனும் உண்டு. கெந்திங் ஹாங்காங் கப்பல் பயணத் தொழில். ஜெர்மனியில் கப்பல் கட்டும் தளம் வாங்கி 2022 ஜனவரியில் கடனில் மூழ்கியது. பெயரைப் பார்த்துப் போட்டவர்கள் அதில் அனைத்தையும் இழந்தார்கள்.

மக்காவ் கம்பெனிகள் அமெரிக்க மந்தத்திலிருந்து தப்புமா? – சிங்கப்பூர் வாசகர்

தப்பியிருக்கின்றன. 2009-ல் வேகஸ் படுத்த அதே ஆண்டு மக்காவ் வருமானம் சுமார் 10 சதவீதம் வளர்ந்தது, 2010-ல் 58 சதவீதம். ஆனால் மக்காவுக்கு அதன் சொந்த மந்தம் பெய்ஜிங்கிலிருந்து வரும். ஊழல் ஒழிப்பு நடவடிக்கையால் 2015-ல் வருமானம் 34 சதவீதம் விழுந்தது, அப்போது உலக மந்தம் எதுவும் இல்லை.

கோவாவில் கப்பல் கேசினோ நடத்தும் டெல்டா கார்ப்? கடனே இல்லை என்கிறார்கள். – சேலம் வாசகர்

கடனைப் பற்றி இவ்வளவு சொன்னேனே, அதற்கு விதிவிலக்கு இது. இங்கே ஆபத்து வங்கி அல்ல, அரசு. 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் 28 சதவீத வரியை முழுப் பந்தயத் தொகை மீது என்று அறிவித்ததும் ஒரே நாளில் பங்கு 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. செப்டம்பரில் பழைய ஆண்டுகளுக்கு என்று 11,139 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ்; கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பைவிடப் பெரிய தொகை. 2025 செப்டம்பர் 22 முதல் வரி 40 சதவீதம். பணத்தை வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு 2025 ஆகஸ்டில் சட்டமே தடை போட்டது. மந்தம் வருமா வராதா என்ற கேள்வி இந்தப் பங்குக்கு இரண்டாம்பட்சம்.

கொழும்பில் புதுசா வந்த சிட்டி ஒஃப் ட்ரீம்ஸை நம்பி ஜோன் கீல்ஸ் பங்கு வாங்கலாமோ? – யாழ்ப்பாண வாசகர்

கேசினோவுக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஜோன் கீல்ஸ் துறைமுகம், சூப்பர் மார்க்கெட், ஹோட்டல் என்று பல தொழில் கொண்ட குழுமம். கேசினோவை 2025 ஆகஸ்டிலிருந்து நடத்துவது மக்காவ் கேசினோ கம்பெனியான மெல்கோ. நீங்கள் வாங்குவது இலங்கைப் பொருளாதாரத்தை, சூதாட்டத்தை அல்ல.

இந்தியாவிலிருந்து அமெரிக்கக் கேசினோ பங்கு வாங்க என்ன நடைமுறை? – திருநெல்வேலி வாசகர்

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வங்கி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. கணக்குத் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப மறந்தால் அபராதம் 10 லட்சம் வரை போகலாம். 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு வைத்திருந்து இறந்தால் அங்கே வாரிசுச் சொத்து வரியும் உண்டு. கடன் வாங்கி மார்ஜினில் வாங்க இந்தத் திட்டத்தில் அனுமதி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் சட்டம் உங்கள் நண்பன்.

சரி, எப்போது வாங்குவது? ஏற்கெனவே 30 சதவீதம் இறங்கிய பங்கு ஒன்று கையில் இருக்கிறது, இறங்கிய விலையில் இன்னும் வாங்கிச் சராசரி செய்யவா? – ஈரோடு வாசகர்

மந்தச் செய்தி வந்த முதல் சரிவில் வாங்காதீர்கள். கம்பெனி புதுப் பங்கு விற்றுப் பணம் திரட்டியதா, கடன் தவணையைத் தள்ளிப் போட்டதா என்று பாருங்கள். அது நடந்தபின், போட நினைத்த பணத்தை மூன்றாகப் பிரித்து முதல் பகுதியைப் போடுங்கள். அப்போதும் முழுதாகப் போடக் கூடாது: சாண்ட்ஸ் 5.50-க்குப் பணம் திரட்டியபின்தான் ஒன்றரை டாலருக்கும் கீழே போனது. 2010 முடிவில் சுமார் 46 டாலர். வருமானம் உயரும்வரை காத்திருந்தால் தாமதம். பங்கு 2009 மார்ச்சில் திரும்பியது, ஸ்ட்ரிப் வருமானம் 2010-ல்தான். மாதக் கணக்கில் சரிவின் வேகம் குறைவது இரண்டாவது பகுதிக்கான நேரம். மூன்றாவதை, டிவிடெண்ட் மீண்டும் வரும்வரை போடாமல் வைத்திருக்கலாம். எல்லாம் சேர்த்து உங்கள் மொத்தப் பங்கு முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

கையில் இருப்பதைப் பற்றி: விலை இறங்கியது சராசரி செய்யக் காரணம் ஆகாது. கடன் அட்டவணையை எடுத்து முதல் இரண்டு ஆண்டுத் தொகைக்கு ரொக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வைத்திருங்கள், மேலே சொன்னபடி தவணையில் சேருங்கள். இல்லையென்றால், புதுப் பங்கு விற்பனை அறிவிப்பு வரும் முன்பே 30 சதவீத நட்டத்தோடு வெளியே வருவது மலிவு.